கடைசி வண்டி

கொம்பையாவின் இதயம் நின்றுபோனபோது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பார வண்டி நலப் பிரிவு என்று பலகை தொங்கும் தகரக் கொட்டகை அது. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிரே ஒரு திரை. திரையில் ஐந்து கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்குக் கீழேயும் ஒரு பேர். நாலு கோடுகள் ஏறி இறங்கிச் சீராக ஓடிக்கொண்டிருந்தன. ஐந்தாவது மட்டும் கரையில் போட்ட மீன்போலத் துள்ளி, தாறுமாறாகக் கிறுக்கி, அப்புறம் தரையில் கிடக்கும் கயிறாக நீண்டுவிட்டது. அதன் கீழிருந்த பேர் சிவப்பாயிற்று.

"ஓய் கொம்பையா, செத்துட்டீரு" என்றார் பக்கத்தில் இருந்த மாசாணம்.

எல்லாரும் சிரித்தார்கள். கொம்பையாவும் சிரித்தார். காகிதக் கப்பில் மீதி இருந்த டீயைக் குடித்தார். அடியில் தங்கியிருந்த சர்க்கரை நாக்கில் இனித்தது. செத்தவனுக்கு இனிக்குமா என்று ஒரு யோசனை வந்துபோனது.

ஐந்து பேரும் ஒரே செட்டு. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றி, பெரிய பாலம் தாண்டி, பழைய சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள். டீசல் வண்டி ஊருக்குள் நுழையக் கூடாது என்று ஆகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. பாட்டரி வண்டியெல்லாம் கம்பெனிக்காரர்களுக்கு. சில்லறை வியாபாரிகளுக்கு இவர்களுடைய கால்தான். இளவட்டங்கள் இந்த வேலைக்கு வருவதில்லை. செட்டில் சின்னவர் லூர்து, அவருக்கே ஐம்பத்தெட்டு. கொம்பையாவுக்கு அறுபத்தொன்று. மாசாணத்துக்கு அறுபத்து நாலு.

போன கோடையில் வெயில் கொளுத்தியபோது, பாலத்து ஏற்றத்தில் ஒரே மாதத்தில் ஆறு வண்டிக்காரர்கள் மிதித்தபடியே சாய்ந்து செத்தார்கள். அதற்குப் பிறகுதான், ஐம்பத்தைந்து தாண்டியவன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதயச் சோதனைக்கு வர வேண்டும் என்று சட்டம் வந்தது. முதலில் நெஞ்சில் ஒயரை ஒட்டி, நகராத சைக்கிள் ஒன்றில் உட்காரவைத்து மிதிக்கச் சொன்னார்கள். நன்றாக மிதித்து நல்ல சீட்டும் வாங்கிக்கொண்டு வெளியே போன ஒருத்தர், பஸ்ஸுக்கு நிற்கும்போதே விழுந்துவிட்டார். அத்தோடு அந்தச் சைக்கிளை மூலையில் தள்ளிச் சாக்கைப் போர்த்திவிட்டார்கள். இப்போது வந்திருப்பது நிழல் இதயம்.

அதை நடத்துகிறவள் ஜெபசெல்வி. பண்டகசாலையில் மூட்டை தூக்கியவரின் மகள். படித்து இந்த வேலைக்கு வந்தவள். கொம்பையாவைத் தனியாக உள்ளே கூப்பிட்டாள்.

"பயப்படாதிய அண்ணாச்சி. செத்தது நீங்க இல்ல. உங்க நெழலு."

"நெழலுக்கு நெஞ்சு உண்டுமாம்மா?"

"நாப்பது நாளா நெஞ்சுல ஒரு பொட்டு ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சியள்லா. அது உங்க துடிப்ப ஒண்ணு விடாம எழுதிக்கிட்டே வந்திச்சு. வண்டிக்கு அடியில ஒரு டப்பா மாட்டுனோம். அது, வண்டி எங்க நிக்கி, எம்புட்டுப் பாரம், மேடா பள்ளமான்னு எழுதிச்சு. ரெண்டையும் சேத்து மிஷினுக்குள்ள உங்க இதயம் மாதிரியே இன்னொண்ணு உண்டாக்குனோம். உங்கள மிதிக்க விட்டா உங்களுக்கு ஆபத்து. அதனால அத மிதிக்க விடுதோம். அது விழுற வரைக்கும் மிதிக்கும். எப்ப விழுதோ, அதுதான் உங்க எல்லை."

"எனக்கு ஒண்ணும் செய்யலியேம்மா. மாடு மாதிரி இருக்கேன்."

"மாடும் அப்பிடித்தான் அண்ணாச்சி இருக்கும், விழுற வரைக்கும்." சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. மேசையில் இருந்த காகிதங்களை நகர்த்தி வைத்தாள். "உங்களுக்கு நூத்துக்கு முப்பத்தொண்ணுதான் வந்திருக்கு. நாப்பதுக்குக் கீழ போனா வண்டி தொடக் கூடாது."

"மாசாணத்துக்கு?"

"தொண்ணூத்தாறு. இந்த ஊர்லயே அவருக்குத்தான் கூட."

கொம்பையா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். மாசாணம் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார். முட்டியில் கையை ஊன்றி, பாதியில் ஒரு மூச்சு எடுத்து, பிறகு மீதியையும் எழுந்தார்.

கொம்பையாவின் லைசென்ஸ் அட்டையை ஜெபசெல்வி வாங்கிக்கொண்டாள். பதிலுக்கு ஒரு ஆரஞ்சுச் சட்டை கொடுத்தாள். சிவப்பு விழுந்தவர்களுக்குப் பிரிவு கொடுக்கிற வேலை அது. பெரிய பாலத்தின் அடிவாரத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிக்காரர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் மனைவி கனி, இறால் உரித்துச் சிவந்த விரல்களைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"எங்கயும் வலிக்கா?"

"இல்ல."

"பெறவு எதுக்கு நெஞ்சுல கைய வச்சிக்கிட்டே இருக்கிய?"

அப்போதுதான் கை அங்கே இருப்பது அவருக்கே தெரிந்தது. எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாக மறுபடியும் அங்கே போயிற்று. துடிப்பை எண்ணிப் பார்த்தார். நாற்பதுக்கு மேல் எண்ணும்போது, எண்ணுவது துடிப்பையா தன் மூச்சையா என்று குழம்பிவிட்டது. மூன்றாம் நாள் இடது பக்கம் லேசாக வலித்தது. நாலாம் நாள் வலது பக்கமும்.

"ரெண்டு பக்கமும் வலிச்சா அது நெஞ்சு இல்ல, பயம்" என்றாள் கனி. "மிஷினு ஒண்ணு சொல்லிட்டுன்னு உடம்பும் அதையே சொல்லுது. நாளைக்கு உங்க பேரு கொம்பையா இல்லன்னு சொன்னாலும் ஆமான்னு தலையாட்டுவிய."

"அது படிச்சவங்க செஞ்ச மிஷினு ஏளா."

"இருக்கட்டும். நேத்து தண்ணிக் கொடம் ரெண்ட ஒத்தக் கையில தூக்கிட்டு வந்தது யாரு, உங்க நெழலா?"

 தூக்கியது அவருக்குத் தெரியும். செத்ததும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்ட மாட்டேன் என்றது.

பெரிய பாலத்து ஏற்றம் பாரத்தோடு எல்லாராலும் தனியாக மிதித்து ஏற முடிகிற ஏற்றம் இல்லை. அதனால் ஒவ்வொரு செட்டிலும் ஒரு கடைசி வண்டி உண்டு. செட்டில் யார் திடமானவனோ அவன் கடைசியாக வருவான். தன் வண்டியை அடிவாரத்தில் கல் வைத்து நிறுத்துவான். முன்னால் நிற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் போய், பெட்டியில் கை கொடுத்து, உச்சி வரைக்கும் தள்ளிவிட்டு நடந்தே இறங்கி வருவான். எல்லாரையும் ஏற்றிவிட்ட பிறகு, தன் வண்டியைத் தானே மிதித்து ஏற்றுவான். அவனுக்குப் பின்னால் யாரும் கிடையாது.

இதற்கு ரெண்டு கட்டுப்பாடு. தள்ளும்போது முன்னால் இருப்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் ஹாண்டில் கோணிப் பெட்டி சரியும், அந்தக் காரணத்துக்காக வந்தது. இன்னொன்று, பாலம் இறங்கிச் சமதரைக்கு வந்த பிறகு அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நான்தான் உன்னை ஏற்றிவிட்டேன் என்று ஒருத்தனிடம் சொல்வது, நான் போட்ட சோறுதானே நீ தின்கிறாய் என்று கேட்பது மாதிரி. அதற்காகக் கை கலந்தவர்கள் உண்டு.

பதினோரு வருஷமாக அந்தச் செட்டின் கடைசி வண்டி கொம்பையாதான். முதல் வண்டி மாசாணம்.

இப்போது கடைசி வண்டிக்கு வேறு ஆள் வேண்டும். அடிவாரத்து டீக்கடையில் நின்று மாசாணம், லூர்து, தொம்மை, ஆவுடை நாலு பேரும் பேசினார்கள். கொம்பையா குடைக்குக் கீழே ஆரஞ்சுச் சட்டையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல பேச என்ன இருக்கு" என்றார் லூர்து. "பேப்பர்ல யாருக்குக் கூடப் போட்டிருக்கோ அவருதான்."

மாசாணம் சட்டைப் பையைத் தட்டினார். தொண்ணூற்றாறு போட்ட தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அதில்தான் வைத்திருந்தார். திருப்பூரில் இருக்கிற மகனுக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். எப்போதாவது பேசுகிறவன் அன்றைக்கு ரெண்டு தடவை கூப்பிட்டானாம்.

"எனக்கே தெரியாமக் கெடந்திருக்கு வே" என்றார் மாசாணம். "மூச்சு எளைக்கி, மூச்சு எளைக்கின்னு நானே என்னயக் கெழவனாக்கிட்டேன். அது நெஞ்சு இல்லியாம், வெறும் கேஸாம். இனும நீங்க மூணு பேரும் முன்னால போங்க."

முதல் நாள் தொம்மையை ஏற்றினார், ஆவுடையை ஏற்றினார், லூர்துவை ஏற்றினார். திரும்பி வந்து குடைக்குக் கீழே நின்று மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"கொஞ்சம் உக்காரும்" என்றார் கொம்பையா.

"உக்காந்தா ஐஸ் உருகிரும்லா." தன் வண்டியை மிதிக்கவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம் ஆனது.

இரண்டாம் நாள் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். கொம்பையா கீழேயிருந்து பார்த்தார். தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்தபடியே நின்றார். செத்தவன் இங்கே குத்துக்கல்லாக நிற்கிறான், ஊரிலேயே திடமானவன் அங்கே குடல் வெளியே வர ஓங்கரிக்கிறான். எங்கேயோ சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே கொட்டகைக்குப் போனார்.

"எனக்கு எதுக்கு முப்பத்தொண்ணு போட்டிய? அதக் காட்டுங்கம்மா. எனக்குப் புரியாட்டாலும் பரவால்ல, பாத்துட்டுப் போறேன்."

ஜெபசெல்வி யோசித்தாள். காட்டக் கூடாது என்று விதி இருந்திருக்கும். கதவைச் சாத்திவிட்டுத் திரையைத் திருப்பினாள்.

"இந்தா பாருங்க. தெனமும் காலைல ஏழு மணிக்கு உங்க வண்டி பாலத்துக்குக் கீழ வந்து நிக்கி. ஏழு அம்பது வரைக்கும் நகரவே இல்ல. நீங்க ஓய்வெடுக்கிய. ஆனா அந்த அம்பது நிமிசமும் துடிப்பு நூத்திருவதுக்குக் கொறையல. உக்காந்திருக்க மனுசனுக்கு நெஞ்சு இந்த ஓட்டம் ஓடுனா அது சரியில்லாத நெஞ்சு அண்ணாச்சி. நாப்பது நாளும் இதேதான்."

"ஓய்வா? நான் காலைல ஓய்வெடுக்கதே இல்லியே."

"வண்டி நிக்கில்லா."

"வண்டி நிக்கும்" என்றார் கொம்பையா. "நான் எங்க நிக்கேன்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"மாசாணத்தோடதக் காட்டுங்க."

அவள் காட்டினாள். "இது வேற மாதிரி. நூத்தியெம்பது கிலோ பாரம். செங்குத்து ஏத்தம். துடிப்பு தொண்ணூத்திரண்டத் தாண்டல. விளையாட்டு வீரனுக்குக்கூட இப்பிடி வராது. மிஷினே ரெண்டு தடவ சரிபாத்திச்சு."

 சமதரையில் பேசக்கூடாத பேச்சு. பதினோரு வருஷத்தில் கொம்பையா கனியிடம்கூடச் சொன்னதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கடைசி வண்டி என்றால் என்ன. யார் முன்னால், யார் பின்னால். கை எங்கே வைப்பது.

ஜெபசெல்வி மேசையில் இருந்த படிவக் கட்டைப் புரட்டி அவருடையதை எடுத்தாள்.

"நீங்க எழுதிக் குடுத்த படிவத்துல ஒரு கேள்வி இருந்திச்சே அண்ணாச்சி. பாரம் இழுக்கது தவிர வேற வேல ஏதாவது செய்யுதியளான்னு. அதுல இல்லன்னு எழுதியிருக்கிய."

"அது வேல இல்லியேம்மா."

"பெறவு என்ன அது?"

"அதுக்குப் பேரெல்லாம் கெடயாது."

அவள் திரும்பி உட்கார்ந்து எதையெதையோ தட்டினாள். "உங்க கைய எடுத்துட்டா மாசாணம் அண்ணாச்சி நெழலு என்ன ஆவுதுன்னு பாப்போம். உத்தேசமாத்தான் போடுதேன்" என்றாள்.

திரையில் மாசாணத்தின் கோடு ஓட ஆரம்பித்தது. அடிவாரம். முதல் நிமிஷம் சரியாகத்தான் போனது. இரண்டாவது நிமிஷத்தில் கோடு அவசரப்பட்டது. கொம்பையா தன்னையறியாமல் வலது உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டியிருந்தார். மூன்றாவது நிமிஷம் முடிவதற்குள் கோடு கிறுக்கியது. நாலாவதில் கயிறாகக் கிடந்தது.

அவர் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க ஒரு மனு எழுதிக் குடுத்தா உங்க லைசென்ச வாங்கித் தாரேன்" என்றாள் அவள். "ஆனா யாரத் தள்ளுனிய, எத்தன நடைன்னு பேரு போடணும். அவுங்களும் ஆமான்னு கையெழுத்துப் போடணும். போட்டா நாலு பேரு நம்பரும் எறங்கும். மாசாணம் அண்ணாச்சிக்குச் சிவப்புதான்."

"அவரு இப்பம் கடைசி வண்டி ஓட்டுதாரும்மா."

ஜெபசெல்வி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "யாரு வச்சா அவர?"

"நீங்க குடுத்த பேப்பருதான்."

மறுநாள் காலை ஆறரைக்கே கொம்பையா அடிவாரத்தில் இருந்தார். மாசாணத்தின் வண்டி வந்து நின்றதும் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு நீரு தள்ளக் கூடாது வே."

"ஏன், உம்ம ஆரஞ்சுச் சட்டைக்கு அதிகாரம் வந்துட்டோ?"

"அந்தத் தொண்ணூத்தாறு உம்மது இல்ல. என் கையி." சொல்லிவிட்டார். பொதுவில், சமதரையில், லூர்தும் தொம்மையும் ஆவுடையும் கேட்க.

தொம்மை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மாசாணம் மெதுவாக இறங்கி நின்றார்.

"பதினோரு வருசம் ஒரு வார்த்த பேசாத மனுசன்" என்றார். "இன்னிக்குக் கணக்குச் சொல்ல வந்துட்டீரு. கை வச்சது நீரு. மிதிச்சது யாரு? என் காலு இல்லியா? ஒரு தாளு எனக்கு நல்லதாச் சொல்லிட்டு, உமக்குப் பொறுக்கல."

"பொறாமைன்னே வச்சிக்கிடும். தள்ளாதேயும்."

"கைய எடும்."

கொம்பையா கையை எடுத்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. குடைக்குக் கீழே போய் உட்கார்ந்தார். முதல் ஆளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொம்பை எடுத்தார்.

மாசாணம் தொம்மையின் வண்டிக்குப் பின்னால் போய்ப் பெட்டியில் ரெண்டு கையையும் வைத்தார். வண்டி ஏறியது. ஒன்று, ரெண்டு, மூன்று விளக்குக் கம்பம் தாண்டியது. நாலாவது கம்பத்தில் மாசாணத்தின் கால்கள் அகன்று நின்றன. வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது. தொம்மை மேலே மிதியில் ஏறி நின்று அழுத்துகிறார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

கொம்பையா சொம்பைக் கீழே வைத்தார். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஓடினார். ஓடும்போது தன் நெஞ்சைக் கவனித்தார். அது தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

மாசாணத்தின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். வண்டி நின்றது. பிறகு நகர்ந்தது.

மாசாணம் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார். தள்ளும்போது யாரும் யாரையும் பார்த்துக் கொம்பையா கண்டதில்லை. கண்ணில் நீர் கட்டியிருந்தது, வெயிலா வலியா சொல்ல முடியாது.

"செத்தவன் தள்ளக் கூடாது வே" என்றார், மூச்சுக்கு நடுவில்.

"நீரும் செத்தாச்சு. நேத்து சாயங்காலம். நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்."

"எத்தனாவது நிமிசம்?"

"நாலு."

மாசாணம் ஏதோ கணக்குப் போட்டவர்போல நாலாவது கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார். கையை எடுத்தார். பாலத்து நடைமேடையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். கொம்பையா தனியாக வண்டியை உச்சிக்குத் தள்ளினார். தொம்மை எதுவும் நடக்காதது மாதிரி அந்தப் பக்கம் இறங்கிப் போனார்.

மறுநாள் மாசாணம் தானே கொட்டகைக்கு வந்தார். பிளாஸ்டிக் உறையோடு தாளை மேசையில் வைத்தார். "மொத வண்டி நான்தாம்மா. எங்க கையெழுத்துப் போடணும்" என்றார். மகனிடம் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

நம்பர்கள் மாறின. கொம்பையாவுக்கு எண்பத்தெட்டு. மற்ற மூவருக்கும் மஞ்சள், பாதிப் பாரம்தான் ஏற்றலாம். மாசாணத்துக்குச் சிவப்பு. ஆரஞ்சுச் சட்டையும் குடையும் சொம்பும் அவருக்குப் போயின. அவர் உடம்புக்கு அந்தச் சட்டை ரொம்பத் தொளதொளவென்றிருந்தது.

ஆறு மாதம் கழித்து அடுத்த சோதனை. மறுபடி நாற்பது நாள் பொட்டு. இந்தத் தடவை பொட்டே ஆள் இருக்கிற இடத்தையும் எழுதும்படி ஜெபசெல்வி மாற்றியிருந்தாள். கொம்பையாவை உள்ளே கூப்பிட்டுத் திரையைத் திருப்பினாள்.

"மூணு வண்டியத் தள்ளுதிய. அது சரியா விழுந்திருக்கு. அதுக்குப் பெறவு உங்க வண்டிய மிதிக்கிய. மொத ரெண்டு கம்பம் வரைக்கும் துடிப்பு ஏறுது. அப்புறம் எறங்குது. ஏத்தத்துல யாருக்கும் துடிப்பு எறங்காது அண்ணாச்சி. அந்த நேரத்துல உங்க பின்னால பொட்டு ஒட்டுன ஆளு யாரும் இல்ல. யாரு கை வைக்கா?"

கொம்பையாவுக்குத் தெரியும். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் இரண்டாவது கம்பம் தாண்டியதும் வண்டி லேசாகும். கொஞ்ச தூரத்தில், பின்னால் ஒரு மூச்சு கீச்சுகீச்சென்று விசில் அடிக்க ஆரம்பிக்கும். பதினோரு வருஷம் மாசாணத்தின் வண்டிக்குப் பின்னால் நின்று அந்த விசிலைக் கேட்டவர் அவர். நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பார். சமதரைக்கு வந்ததும் வாய் எழும்பாது. ஒருமுறை பேசியதே போதும் என்றிருக்கும். பேசாமல் விட்டு ஒருநாள் அந்த விசில் நின்றுபோனால் என்ன செய்வது என்றும் இருக்கும். எது சரி என்று கனியிடம் கேட்டதற்கு, "எனக்கும் தெரியலியே" என்றாள். அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

"கையா?" என்றார் இப்போது. "காத்தும்மா. கடல்காத்து முதுகுல அடிச்சுத் தள்ளும்."

"காலைல காத்து கரையிலேருந்து கடலுக்குல்லா அடிக்கும்."

"அது மத்த எடத்துல. பாலத்துல வேற."

ஜெபசெல்வி அவரையே பார்த்தாள். அவளும் அந்த ஊர்க்காரிதான். பிறகு திரையின் பக்கம் திரும்பி, காரணம் என்றிருந்த கட்டத்தில் காற்று என்று எழுதினாள்.

மறுநாள் துறைமுகத்தில் பெட்டி ஏற்றும்போது, பத்தாவது பெட்டியோடு கொம்பையா கை காட்டி நிறுத்தினார். வியாபாரி நிமிர்ந்தார்.

"என்ன ஓய், நேத்து பன்னெண்டு, இன்னிக்குப் பத்தா? உமக்குத்தான் எம்பத்தெட்டுன்னு ஊரே பேசுதே."

"எதிர்க்காத்து மொதலாளி. பாலத்துல மொகத்துல அடிக்கி. கொறச்சே போடும்."

"காத்துக்கா பயந்துட்டீரு?"

கொம்பையா கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

பாலத்தில் மூன்று வண்டிகளையும் ஏற்றிவிட்டு இறங்கி வந்தார். குடைக்குக் கீழே மாசாணம் டம்ளரை நீட்டினார். வாங்கிக் குடித்தார்.  தன் வண்டியில் ஏறி மிதிக்க ஆரம்பித்தார். இரண்டாவது கம்பத்தில் வண்டி லேசாயிற்று. காதைத் தீட்டிக்கொண்டு மிதித்தார். நேற்று ஐந்தாவது கம்பத்தில் தொடங்கிய விசில், இன்றைக்கு ஏழாவதில்தான் தொடங்கியது.

நாளைக்கு இன்னொரு பெட்டியும் குறைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.